விருதுக்கு வந்த நூல்களின் பட்டியலை வெளியிட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் வழங்கப்படும் இலக்கிய விருதுகளில் நட்பும் செல்வாக்கும் புகுந்துவிட்டன என்றும், நூல் விமர்சகர்கள் மட்டுமே நடுவர்களாக அமர்ந்து முடிவு செய்யும் விருது ஒன்று நமக்கு வேண்டும் என்றும் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரை வலியுறுத்தியிருந்தது. அக்கருத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கட்டுரையும் அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களும் நடுவர்கள் யாராக இருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிட்டன. அவர்கள் மேசைக்கு எந்த நூல் வந்து சேர்கிறது, அதை அனுப்புவது யார், அனுப்பாமல் விடப்பட்டவை எவை என்று யாரும் கேட்கவில்லை. தில்லி தரியாகஞ்ச் அன்சாரி சாலையில் இருந்த ஓர் ஆங்கிலப் பதிப்பகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, விருதுகளுக்கு நூல் அனுப்பும் பொறுப்பையும் கவனித்தவன் என்ற முறையில், பரிசின் தலைவிதி பாதி அந்த இடத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

கட்டுரையாளர் முன்மாதிரியாகக் காட்டிய அமெரிக்காவின் தேசிய நூல் விமர்சகர் வட்டம் 1974ஆம் ஆண்டு நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. 1975இல் வெளியான நூல்கள் தொடங்கி ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. புனைவு, அபுனைவு, வாழ்க்கை வரலாறு, தன்வரலாறு, கவிதை, விமர்சனம் எனத் தனித்தனியே பரிசுகள் உண்டு. முதல் நூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் பின்னாளில் பரிசுகள் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வெளியான நூலாக இருந்தால் போதும், எழுதியவர் எந்த நாட்டவர் என்பது கணக்கில் வராது. அமைப்பின் 24 பேர் கொண்ட நிர்வாகக் குழுவே நடுவர் குழு. நுழைவுக் கட்டணம் எதுவும் கிடையாது. பதிப்பகத்தார் நூல்களைக் குழுவினருக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் மதிப்புரைக்காகப் படித்துக்கொண்டிருப்பவர்களே நடுவர்கள் என்பதால், விருதுக்கென்று அனுப்பப்படாத நூலும் அவர்கள் கண்ணில் படுவதற்கு வழியிருக்கிறது. விமர்சகர் விருதின் உண்மையான பலம் இதுதான் என்று கருதுகிறேன். விமர்சகருக்கு மற்றவர்களைவிட நேர்மை அதிகம் என்று சொல்ல வரவில்லை. அவர் வீட்டுக்கு நூல் வரும் வாசல் ஒன்றுக்கு மேற்பட்டது என்பதே காரணம்.

கட்டணம் வாங்கும் விருதுகளும் அங்கே உண்டு. புலிட்சர் பரிசுக்கு நூல் ஒன்றுக்கு 75 டாலர் கட்ட வேண்டும். தேசிய நூல் விருதுக்கும் கட்டணம் உண்டு. இறுதிப் பட்டியலுக்கு வந்துவிட்டால் விளம்பரச் செலவிலும் பதிப்பகம் பங்கேற்க வேண்டும். ஆனால் கட்டணம் இல்லாத இடத்திலும் செலவு இல்லாமல் போவதில்லை. 24 பேருக்கும் அச்சு நூலே தர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 24 படிகளும் அவற்றை அனுப்பும் கூலியும் ஒரு பெருநிறுவனத்துக்குத் தேநீர்ச் செலவு. முதல் அச்சில் 300 படி மட்டுமே போடும் ஒரு தமிழ்ச் சிறு பதிப்பகத்துக்கோ அது பதிப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு.

எந்த நூலை அனுப்புவது என்று ஒரு பதிப்பகத்துக்குள் எப்படி முடிவாகிறது என்பது வெளியே அதிகம் தெரியாத செய்தி. நான் இருந்த இடத்தில் பதிப்பாசிரியரும் விற்பனைத் தலைவரும் விளம்பரப் பிரிவினர் ஒருவரும் அமர்ந்து, அந்த ஆண்டின் நூல்கள் ஒரு பக்கமும் விருதுகளின் கடைசித் தேதிகள் மறுபக்கமும் இடப்பட்ட ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேசுவார்கள். தரத்தைப் பற்றிப் பேச்சே வராது என்று சொன்னால் அது பொய், வரும். ஆனால் அதற்கு முன்பே சில இடங்கள் நிரம்பியிருக்கும். இலக்கிய முகவர் வைத்திருக்கும் எழுத்தாளரின் ஒப்பந்தத்தில், இன்னின்ன விருதுகளுக்கு நூலைக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். அந்த நூல் போய்த்தான் ஆக வேண்டும். அடுத்த நூலையும் நம்மிடமே தருவாரா என்ற கவலைக்குரிய மூத்த எழுத்தாளர் ஒருவர் இருப்பார். அவரை மனம் கோணச் செய்ய முடியாது. முன்பணம் அதிகம் கொடுத்த நூல் ஒன்று கிடங்கில் தேங்கியிருக்கும். விருதுப் பட்டியலில் வந்தால் நகரும் என்று விற்பனைத் தலைவர் சொல்வார். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் ஓர் இடத்துக்குத்தான், முதல் நூல் எழுதிய இளைஞரும் கவிஞரும் மொழிபெயர்ப்பாளரும் போட்டியிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் தோற்ற நூலுக்குத் தான் தோற்றது தெரியாது. அதை எழுதியவர், நடுவர்கள் தம்மைப் புறக்கணித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் விருதுகளில் இந்த நெருக்கடி இன்னும் கூடுகிறது. பிரிட்டனின் புக்கர் பரிசுக்கு 2014 முதல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, கடந்த ஐந்தாண்டுகளில் நெடும்பட்டியலில் (முதற்கட்டத் தேர்வுப் பட்டியலில்) இடம்பெறாத பதிப்பகம் ஒரு நாவலை மட்டுமே அனுப்பலாம். ஓரிரு முறை இடம்பெற்றிருந்தால் இரண்டு, மூன்று நான்கு முறை என்றால் மூன்று, அதற்கு மேல் என்றால் நான்கு. ஏற்கெனவே வென்றவருக்கு மேலும் கதவு திறக்கும் ஏற்பாடு என்று அப்போதே பலர் குறைகூறினார்கள். நடுவர்கள் தாமாகச் சில நூல்களைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்ற விதியும் அதிலேயே இருப்பதால் ஓரளவு சமன் ஏற்படுகிறது. நம் ஊரில் விருது தொடங்குவோர் முதல் விதியைப் பார்த்து மயங்காமல் இரண்டாவதைக் கைக்கொள்ள வேண்டும்.

எங்கே, எந்தப் பதிப்பகம் வெளியிடுகிறது என்பது ஒரு நூலின் விருது வாய்ப்பை எவ்வளவு தீர்மானிக்கிறது என்பதற்குத் தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013இல் தமிழில் வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் இந்தியாவில் வெளியாயிற்று. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுக்கான சர்வதேச புக்கர் பரிசுக்குப் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியான நூல்களே தகுதியுடையவை. அங்கு 2022இல் புஷ்கின் பிரஸ் வெளியிட்ட பிறகுதான், 2023ஆம் ஆண்டின் நெடும்பட்டியலில் அந்நாவல் இடம்பெற்றது. அந்தப் பட்டியலுக்கு வந்த முதல் தமிழ் நாவல் அது. 2016க்கும் 2022க்கும் இடையில் கதையில் மாற்றம் எதுவும் நிகழவில்லை. அனுப்பும் தகுதியுடைய கை ஒன்று கிடைத்தது, அவ்வளவே. 2022இல் இந்தி நாவலுக்காகக் கீதாஞ்சலி ஸ்ரீயும் 2025இல் கன்னடச் சிறுகதைகளுக்காக பானு முஷ்தாக்கும் அதே பரிசைப் பெற்றபோது, இரண்டு நூல்களையும் பிரிட்டனில் வெளியிட்டிருந்தவை சிறு பதிப்பகங்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. சிறிய பதிப்பகத்தால் முடியாது என்பதல்ல என் வாதம். முடியும், ஆனால் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

இனி நம் நடைமுறைக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை, 33 வகைப்பாடுகளில் சிறந்த நூல்களுக்குப் பரிசு வழங்குகிறது. விண்ணப்பத்தோடு சிறு கட்டணமும் நூலின் 10 படிகளும் அனுப்பச் சொல்வது அங்கே வழக்கமாக இருந்துவந்தது. நூலாசிரியருக்கு மட்டுமன்றிப் பதிப்பகத்தாருக்கும் பரிசுத்தொகை உண்டு. அனுப்பும் ஆர்வத்தைப் பதிப்பாளரிடம் வளர்க்கும் நல்ல ஏற்பாடு அது, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 350 ரூபாய் விலையுள்ள நூலில் 10 படி என்றால் முகவிலையில் 3,500 ரூபாய். ஓர் ஆண்டில் ஆறு நூல் வெளியிடும் பதிப்பாளர் ஆறையும் அனுப்பமாட்டார், இரண்டை அனுப்புவார். அந்த இரண்டு எவை என்பதை அன்சாரி சாலையில் நடந்த அதே விதமான கூட்டம், சென்னையில் ஒருவர் மட்டும் அமர்ந்த கூட்டமாக, முடிவு செய்யும்.

அஞ்சல் செலவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிப்பாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சல் சேவை 2024 டிசம்பரில் திடீரென நிறுத்தப்பட்டபோது, சிறு பதிப்பகங்களும் சிற்றிதழ்களும் தவித்துப்போயின. 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்ற பெயரில் ஒரு மாற்றுச் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி என்ற கட்டணம் நியாயமானதே. ஆனால் அது தரைவழியாகச் செல்வது. கடைசித் தேதி நெருங்கிய பின் விழித்துக்கொள்ளும் வழக்கம் நம் பதிப்பாளர்களிடம் உண்டு. அவர்கள் கூரியருக்குத்தான் ஓடுவார்கள். சென்னை நண்பர்கள் சிலர் என் தில்லி முகவரிக்கு மொத்தமாக ஒரு கட்டு அனுப்பி, மண்டி ஹவுஸ் பக்கம் போகும்போது சாகித்திய அகாதெமியில் கொடுத்துவிடுங்கள் என்று கேட்பதும் இதனால்தான். கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினால், நூலே பரிசு வாங்கிவிட்டதைப் போல் மகிழ்ந்து போவார்கள்.

அந்த மண்டி ஹவுஸ் பகுதியில், ரவீந்திர பவனில் இயங்கும் சாகித்திய அகாதெமியின் முதன்மை விருது நெடுங்காலம் வேறொரு வழியில் நடந்துவந்தது. விண்ணப்பம் என்பதற்கு அங்கு இடமில்லை. குறிப்பிட்ட ஐந்தாண்டுகளில் முதற்பதிப்பாக வெளிவந்த நூல்களிலிருந்து மொழியறிந்தவரைக் கொண்டு ஓர் அடிப்படைப் பட்டியல் தயாரித்து, மொழி ஆலோசனைக் குழுவின் பார்வைக்கு அனுப்பி, பல கட்டங்களில் வடிகட்டி, இறுதியில் மூன்று நடுவர்களிடம் விடுவது அம்முறை. இளம் எழுத்தாளர்களுக்கான யுவ புரஸ்கார் 2011இல் தொடங்கியபோது, 35 வயதுக்கு உட்பட்டவர்களின் நூல்களை விளம்பரம் செய்து வரவேற்கும் முறை வந்தது. பட்டியல் தயாரிக்கும் முறையில் பதிப்பாளருக்குச் செலவில்லை, ஆசிரியர் யாரிடமும் கைகட்டி நிற்கவும் வேண்டாம். ஆனால் பட்டியல் எழுதுபவரின் வாசிப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் பட்டியலின் அகலமும். விண்ணப்ப முறையில் யாரும் வரலாம். ஆனால் வசதியுள்ளவரே வருவார். எது மேல் என்று அடித்துச் சொல்ல என்னால் இயலவில்லை. இரண்டிலும் உள்ள பொதுக்குறை ஒன்றே: வராத நூலைப் பற்றி யாருக்கும் தெரியாது.

நடுவர் பக்கத்திலும் நிலைமை எளிதன்று. தமிழ் விருதொன்றுக்கு நடுவராக இருந்த பேராசிரியர் ஒருவரின் ஆர்.கே.புரம் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். திவானுக்கு அடியிலும் பால்கனிக் கதவின் ஓரத்திலுமாக நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன; சிலவற்றின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. கெட்டி அட்டை போட்ட எழுநூறு பக்க நாவல்கள் அடியில் கிடக்க, 64 பக்கக் கவிதைத் தொகுப்புகள் அவற்றுக்கிடையே செருகப்பட்டு முதுகே தெரியாமல் இருந்தன. சில நூல்களுக்குள் பதிப்பாளரின் கடிதம் இருந்தது. இரண்டில் ஆசிரியரைப் பற்றிப் பிரமுகர்கள் சொன்ன வாழ்த்துரைகள் வண்ணத்தில் அச்சிட்டு வைக்கப்பட்டிருந்தன. அவர் நேர்மையாகப் படிப்பவர். ஆயினும் தமக்கு வந்தவற்றைப் படித்து முடிப்பதே பெரும்பாடு என்றும், வராததைத் தேடிப் போக நேரமும் இல்லை, விதியிலும் இடமில்லை என்றும் சொன்னார். மின்னூல் கோப்பாக அனுப்பினால் இடப்பிரச்சினையும் அஞ்சல் செலவும் தீரும் என்றேன். படிக்கக் கண் வேண்டாமா என்று கேட்டார். அவர் வயதில் அது நியாயமான கேள்வி. ஆனால் முதல் சுற்றுக்கு மட்டுமாவது கோப்பை ஏற்று, அடுத்த சுற்றுக்குத் தேறியவற்றுக்கு மட்டும் அச்சுப்படி கேட்டால் சிறு பதிப்பகங்களின் சுமை பெரிதும் குறையும்.

விமர்சகர்களே நடுவர்களாக இருக்கும்போது எழும் இன்னொரு சிக்கலையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. தமிழில் விமர்சகர் என்பவர் மதிப்புரை மட்டும் எழுதுவதில்லை. அணிந்துரை எழுதுகிறார், பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறார், வெளியீட்டு விழாவில் முதற்படி வாங்குகிறார், சிலர் பதிப்பகங்களுக்கு ஆலோசகராகவும் இருக்கிறார்கள். இதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை, நம் இலக்கிய உலகம் அவ்வளவு சிறியது. ஆனால் தாம் அணிந்துரை எழுதிய நூல் போட்டிக்கு வரும்போது அந்நூலின் விவாதத்திலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று விதி செய்வது கடினமல்ல. அதை வாசகர் சரிபார்க்க வேண்டுமானால், எந்த நூல்கள் வந்தன என்பது முதலில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். விருது அமைப்பு எதுவாயினும், பரிசீலனைக்கு வந்த நூல்கள் அனைத்தின் பட்டியலையும், முடிவு அறிவிப்பதற்கு முன்பாகவே, பதிப்பகத்தின் பெயரோடு வெளியிட வேண்டும். இது நடக்காத காரியம் என்பார்கள். பிரிட்டனில் அறிவியல் புனைகதைக்கு வழங்கப்படும் ஆர்தர் சி. கிளார்க் விருது, பதிப்பகங்கள் அனுப்பிய நூல்களின் முழுப் பட்டியலை வெளியிடும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கொண்டிருக்கிறது. அதன் பரிசுத்தொகை அந்தந்த ஆண்டின் எண்ணளவு பவுண்டுகள்தாம், அதாவது 2024இல் 2,024 பவுண்டு. பணம் கொழிக்கும் அமைப்பாக இருந்தால்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. பட்டியல் வெளியானதும் வாசகர்கள் முதலில் பார்ப்பது எந்த நூல் இல்லை என்பதைத்தான். டப்ளின் நகரம் வழங்கும் ஒரு லட்சம் யூரோ பரிசுக்கோ நூல்களை முன்மொழிபவை உலகெங்கும் உள்ள பொது நூலகங்கள். முன்மொழிவதில் பதிப்பாளருக்கு அங்கே வேலையே இல்லை, முன்மொழியப்பட்ட நூல்களும் பொதுவில் வைக்கப்படுகின்றன.

நம்மிடம் இதற்கு அடித்தளமான சட்டமே இருக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும், வெளியான 30 நாள்களுக்குள் ஒரு படியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படியையும் தம் செலவில் அனுப்ப வேண்டும். மீறினால் அபராதம் 50 ரூபாய் வரையும் நூலின் விலையும் என்பதால் யாரும் பெரிதாக அஞ்சுவதில்லை. பழைய தில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தில்லி பொது நூலகத்தில் புதிய தமிழ் நூல் ஒன்றைத் தேடிப்போனவர்களுக்கு, எத்தனை தமிழ்ப் பதிப்பகங்கள் இச்சட்டத்தை மதிக்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சட்டம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டால், ஓர் ஆண்டின் தமிழ் நூல்கள் முழுவதையும் கன்னிமாராவின் வரவுப் பதிவேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பத்துப் படி, ஐந்து படி என்று பதிப்பாளரிடம் கேட்க வேண்டிய தேவையும் குறையும்.

பட்டியலை வெளியிட்டால், தம் நூலை ஏன் அனுப்பவில்லை என்று எழுத்தாளர்கள் பதிப்பாளர்களோடு சண்டைக்குப் போவார்கள் என்று பதிப்புத்துறை நண்பர் ஒருவர் அஞ்சினார். போகட்டும். அந்தச் சண்டை இப்போது நடுவர்கள் மீது, அதுவும் ஆதாரமில்லாமல், முகநூலில் நடந்துகொண்டிருக்கிறது. உரிய இடத்துக்கு அது திரும்புவது நல்லதே. பதிப்பகம் அனுப்ப மறுத்தால் ஆசிரியரே தம் செலவில் அனுப்பலாம் என்ற விதியும் கூடவே இருந்தால், சண்டைக்கும் பெரிதாக வேலை இருக்காது. தோற்றவர்கள் பெயர் வெளியே தெரிவது அவமானம் என்ற இன்னொரு மறுப்பை நான் ஏற்கவில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளை அலங்கரித்து ஓட்டிவருவதுபோல, தைமாதப் புத்தகக் காட்சியில் அத்தனை நூல்களும் வெளிச்சத்தில்தானே நிற்கின்றன?

தங்கள் நாளிதழே இதைத் தொடங்கிவைக்கலாம். மதிப்புரைக்கு வந்த நூல்களின் பெயர்களைத் தாங்கள் ‘வரப்பெற்றோம்’ பகுதியில், எழுதியவர், பதிப்பகம், பக்கம், விலை ஆகிய விவரங்களோடு நெடுங்காலமாக வெளியிட்டு வருகிறீர்கள். அதில் மதிப்புரை பெற்ற நூலும் பெறாத நூலும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அதனால் யாரும் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. தமிழில் விருது வழங்கும் அறக்கட்டளைகளுக்கும் அமைப்புகளுக்கும் எழுதி, அவர்களுக்கு இவ்வாண்டு வந்த நூல்களின் பட்டியலைக் கேட்டுப் பெற்று, அதே எழுத்தில் அதே பக்கத்தில் வெளியிடுமாறும், தர மறுத்தவர்கள் பெயரையும் கீழே குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மயூர் விகார், தில்லி